வாரண்டி கவுன்டரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

மொபைல் ஷோரூமிலோ சர்வீஸ் சென்டரிலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? சீக்கிரமே ஒருவர் டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்பார்: "டெட் பீஸ் ஒண்ணு இருக்கு தம்பி, வாரண்டியில மாத்திக் குடுத்துடு. உன்னைக் கவனிச்சுக்கறேன்." வெளியாளாக இருக்கலாம், உங்கள் சீனியராகவும் இருக்கலாம்.

நேர்மை பற்றிப் பாடம் எடுக்கப் போவதில்லை. கணக்கு மட்டும் பாருங்கள். போன் அவருக்கு, ஜாப் ஷீட்டில் பெயர் உங்களுக்கு.

இது எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2016 முதல் 2018 வரை சிலர் போலி ஐபோன்களை 'ஆன் ஆகவில்லை' என்று சொல்லியே ஆப்பிளிடம் மாற்றினார்கள். 3,069 கிளெய்ம்களில் 1,493 பாஸ் ஆகிவிட்டன. ஆப்பிளுக்கு நஷ்டம் 8,95,800 டாலர். ஆன் ஆகாத போனை அந்த இடத்திலேயே சோதிப்பது கஷ்டம் என்பதுதான் சூட்சுமம். அது கஸ்டமர் வேஷத்தில் வந்தவர்களின் வேலை. கவுன்டருக்கு உள்ளே ஆள் இருந்தால் இன்னும் சுலபம். அதனால்தான் 'நோ பவர்' ரீப்ளேஸ்மென்ட் அடிக்கடி வந்தால் ஆடிட்டருக்கு மூக்கு வேர்க்கிறது.

1. லாகினைக் கடன் கொடுக்காதீர்கள். "நீ சாப்பிடப் போ, உன் ஐடியில நான் என்ட்ரி போட்டுக்கறேன்" என்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. எழுந்தால் லாக் அவுட். ஓடிபியையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

2. ஐஎம்இஐயை நீங்களே பாருங்கள். இந்த 15 இலக்கத்தை வைத்தும் மோசடி நடக்கிறது. யாரோ ஒரு கஸ்டமரின் நம்பர், வாரண்டி இன்னும் இருக்கிறது. அவருக்கே தெரியாமல் அதில் கிளெய்ம் போட்டு, பழுதான போலியை உள்ளே தள்ளி, நல்ல போனை வெளியே விற்றுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து நிஜ கஸ்டமர் வந்து நிற்பார். சிஸ்டம் 'ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது' என்று காட்டும். அடுத்த நிமிடம் யாருடைய ஐடி என்று தேடுவார்கள். எனவே *#06# போட்டு வரும் நம்பர், பில், பெட்டி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆன் ஆகாத போன் என்றால் பில், பெட்டியைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் பட்டதைக் காட்டும் ஸ்டிக்கரையும் பாருங்கள். போட்டோ எடுத்து ஜாப் ஷீட்டோடு இணையுங்கள். கஸ்டமர் கையெழுத்து இல்லாமல் எதையும் குளோஸ் செய்யாதீர்கள்.

3. மேனேஜர் வாய்மொழியாகச் சொன்னால், "சார், மெயில்ல ஒரு வரி போட்டுடுங்க, ஃபைலுக்கு வேணும்" என்று சிரித்தபடி கேளுங்கள். போட்டால் உங்களுக்குப் பாதுகாப்பு. மழுப்பினால் விஷயம் புரிந்துவிடும்.

4. சட்டத்தையும் ஒருமுறை படித்து வையுங்கள். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 316(4)இன்படி ஏழு ஆண்டு வரை சிறை. ஐஎம்இஐயைத் திருத்தினால் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். டீக்கடையில் பேசிய 'அமவுன்ட்' வக்கீல் ஃபீஸுக்கே பத்தாது.

இப்படிச் சுத்தமாக வேலை செய்தால், அடுத்த அப்ரைசலுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் பெயரில் பிராண்ட் திருப்பி அனுப்பிய கிளெய்ம் எத்தனை என்ற ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி மேஜையில் வையுங்கள். பக்கத்து கவுன்டர்காரர் அதைக் கொண்டுவந்திருக்க மாட்டார்.