'ஸ்கின் கலர்' என்று ஒரு கலர் கிடையாது

மாதத்துக்கு நாலு பேராவது கேட்டுவிடுகிறார்கள்: "சார், அக்ரிலிக்ல போர்ட்ரெய்ட் ஆரம்பிக்கணும். ஸ்கின் கலர் எந்த கம்பெனி நல்லது?" போன வாரம் ஓர் அம்மா, பத்தாவது படிக்கும் மகளோடு வந்து பெட்டியையே திறந்து காட்டினார். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று என்று இரண்டு ட்யூப் ஸ்கின் கலர். கூடவே மகள் வரைந்த பாட்டி. நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் ஒரே ரோஸ் பூச்சு. நிழல் விழும் இடத்தில் அதிலேயே கறுப்பைக் குழைத்து இழுத்திருந்தாள். கொலுப் பொம்மையின் மேல் ஒட்டடை படிந்த மாதிரி இருந்தது. பாட்டியோ கரிசல்காட்டுக்காரர், வெயிலில் களையெடுத்தே கறுத்தவர்.

அந்த ட்யூபைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். ஒழுங்கான கம்பெனி என்றால் உள்ளே என்ன நிறமி என்று போட்டிருக்கும். பி.டபிள்யூ. 6 என்று இருந்தால் அது டைட்டானியம் வெள்ளை. ஸ்கின் கலர் என்று விற்பது பெரும்பாலும் இந்த வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். யார் வீட்டுத் தோல் இது? அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனியே தன் கிரேயான் பெட்டியிலிருந்து 'ஃபிளெஷ்' என்ற பெயரை 1962-இல் எடுத்துவிட்டு 'பீச்' என்று வைத்துவிட்டது. நாம்தான் இன்னும் கடைக்காரரிடம் தோலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தோல் ஒரே நிறமாக இருப்பதே இல்லை. அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பாருங்கள். நெற்றி மஞ்சள் சாய்ந்திருக்கும். மூக்கு நுனி, காது, கன்னம் எல்லாம் ரத்தம் ஓடிச் சிவந்திருக்கும். சவரம் செய்த தாடையில் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல். கறுத்த முகமானால் நெற்றி மேட்டில் விழும் வெளிச்சம் வானத்தின் நீலத்தையும் வாங்கிக்கொண்டு மின்னும். அங்கே வெறும் வெள்ளையைக் கலந்து அப்பினால் விபூதிதான்.

நாலு ட்யூப் போதும்: பர்ன்ட் சியன்னா, எல்லோ ஆக்கர், அல்ட்ராமரைன் ப்ளூ, டைட்டானியம் ஒயிட். உதட்டுக்கும் காதுக்கும் வேண்டுமானால் ஒரு சிவப்பு. பர்ன்ட் சியன்னா என்ற பெயருக்கே சுட்ட மண் என்றுதான் பொருள். சூளையில் பானை சிவக்கிற அதே இரும்புச் சமாச்சாரம். அதோடு அல்ட்ராமரைனைச் சேர்த்தால் ஆழமான கருமை வரும். நீலம் தூக்கலானால் குளிர்ந்த நிழல், சியன்னா தூக்கலானால் சூடான நிழல். அஜந்தாவில் வரைந்தவர்களிடம் இருந்ததும் காவி, மஞ்சள் மண், பச்சை மண், விளக்குக்கரி, வெள்ளை, கொஞ்சம் நீலக்கல் பொடி, அவ்வளவுதான். முதல் குகையில் கருநிறமும் மாநிறமும் வெளுப்பும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளுக்கொரு ட்யூபா வாங்கினார்கள்?

இனி ஆரம்பிக்கிற வழி. வெள்ளை கான்வாஸில் நேரே இறங்காதீர்கள். சியன்னாவைத் தண்ணியாகக் கரைத்து முழுக்க ஒரு பூச்சு. காய்ந்ததும் அதே நிறத்தில் மண்டையின் சாய்வு, கண் வரிசை, மூக்கடி, தாடை என்று நாலு கோடு. பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு, வெளிச்சம், நடு, இருட்டு என மூன்றாக மட்டும் பிரித்து ஓர் அங்குலப் பட்டைப் பிரஷ்ஷால் போடுங்கள். இங்கேயே ஆள் அடையாளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எந்த நிறமும் காப்பாற்றாது. இன்னொன்று: அக்ரிலிக் காய்ந்தால் ஒரு சுற்று கறுக்கும். ஈரத்தில் பால் போலிருக்கும் அதன் பசை காயும்போது தெளிந்துவிடுவதுதான் காரணம். அதனால் ஒரு துளி வெளிறலாகவே கலந்து, துண்டுக் காகிதத்தில் காயவைத்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

மற்ற கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். கண்ணில் தொடங்கினால்தான் முகம் அமையுமாம். நம் ஸ்தபதிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள், போதுமா? அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும், முகத்துக்கு ஆயில்தான் சரி என்பார்கள். டேவிட் ஹாக்னி 1970-71-இல் வரைந்த 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் கிளார்க் அண்ட் பெர்சி' அக்ரிலிக்தான். சீக்கிரம் காயாமலிருக்க எவர்சில்வர் தட்டில் ஈரத்துணி, அதன்மேல் பட்டர் பேப்பர், அதில் பெயின்ட். மூடிவைத்தால் மறுநாளும் ஈரம் இருக்கும். கறுப்பு ட்யூபே ஆகாது என்பதும் கதை. அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் மூன்று வகைக் கறுப்பை வைத்து அக்ரிலிக்கில் மனிதர்களைக் கட்டியெழுப்புகிறார். நிழல் என்றதும் யோசிக்காமல் கறுப்பைக் கொட்டுவதுதான் தப்பு.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. போனில் எடுத்த படத்தைப் பார்த்து வரையாதீர்கள். பல போன்கள் கேட்காமலே முகத்தை வெளுக்கின்றன. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படத்திலிருந்து சுவரில் மாலை போட்டு மாட்டும் படம் வரைக்கும் இதே வேலை. செத்த பிறகுமா ஒரு மனுஷி சிவக்க வேண்டும்?

அந்தப் பெண்ணை ஸ்கின் கலரை மூடிவைக்கச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் தாளும் நாலு நிறமும் கொடுத்தனுப்பினேன். கலந்ததைத் தாளில் ஒரு பொட்டு வைத்துப் பாட்டியின் கையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வீட்டுப்பாடம். இந்த வாரம் தாள் நிறையப் பொட்டுகளோடு வந்தாள். பதினேழாவதைச் சுற்றி ஒரு வட்டம். "இதுதான் சார். ஆனா முழங்கைக்கு மேல சேரல," என்றாள்.