உண்டதும் உடலில் சேர்வதும்

வயிற்றுக்குள் சென்ற உணவெல்லாம் உடலில் சேர்ந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. உண்மையில் உணவுப்பாதை என்பது வாயில் தொடங்கி மலவாயில் முடியும் ஒரு நீண்ட குழாய். அதனுள் இருக்கும் வரை உணவு உடலுக்குப் புறத்தே இருப்பதாகவே கொள்ளல் வேண்டும். குடற்சுவரைக் கடந்த பின்னரே அது நமக்கு உரியதாகிறது.

சென்ற ஆண்டு கல்லூரியில் பயிலும் என் பெயர்த்திக்கு ஓயாத சோர்வு. பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9 கிராம் என்று தெரிந்தது. பெண்களுக்கு 12 கிராமேனும் இருத்தல் வேண்டும். "நாள்தோறும் கீரை உண்கிறாளே!" என்று என் மருமகள் திகைத்தாள். அதற்கு விடை சிறுகுடலில் இருக்கிறது.

உமிழ்நீர் மாவுப்பொருளையும், இரைப்பைநீர் புரதத்தையும் சிதைக்கத் தொடங்குகின்றன. பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக்க, கணையநீர் எஞ்சிய பணியைச் செய்கிறது. இவையெல்லாம் பள்ளியில் படித்தவையே, விரிக்கவில்லை.

சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பானதன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமுடைய குடலுறிஞ்சிகள் அதில் நெருக்கமாக நிற்கின்றன. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இதனை விளக்க, ஒரு வேட்டித் துணியையும் ஒரு டர்க்கித் துண்டையும் நீரில் நனைத்துப் பிழிந்து காட்டுவேன். நூல் வளையங்கள் நிறைந்த துண்டே மிகுதியான நீரை ஏற்கும். ஒவ்வோர் உறிஞ்சியினுள்ளும் குருதித் தந்துகிகளும் ஒரு நிணநீர்க் குழலும் உள்ளன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் குருதி வழியே கல்லீரலுக்குச் செல்கின்றன; கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர் வழியே செல்கிறது.

இப்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு இருக்கும் என்று பல்லாண்டுகள் கற்பித்தேன். 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர், உணவுப்பாதை முழுமைக்குமே ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான் என்று கணித்தனர். இறகுப்பந்து ஆடுகளத்தில் பாதிகூட இல்லை! என் பழைய மாணவியர் பொறுத்தருள்க.

இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலேயே உறிஞ்சப்படுகிறது. கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றிலுள்ள இரும்பு எளிதில் உட்புகாது. நெல்லிக்காய், எலுமிச்சை ஆகியவற்றின் வைட்டமின் சி அதனை உறிஞ்சத்தக்க நிலைக்கு மாற்றி உதவுகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களோ இரும்பைப் பற்றிக்கொண்டு, குடற்சுவரைக் கடக்கவொட்டாமல் தடுக்கின்றன.

எங்கள் இல்லத்தில் பொழுது சாயுமுன் உணவை முடித்துவிடுவோம். அதன்பின் எதுவும் அருந்துவதில்லை என்பதால், பெயர்த்தி உணவோடு உணவாகவே தேநீரையும் பருகி வந்தாள். கீரையின் இரும்பில் பெரும்பகுதி குடலோடு போயிற்று. மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையையும் அதே தேநீருடன்தான் விழுங்கினாள் என்பது பின்னரே தெரிந்தது.

இப்பொழுது தேநீர் நான்கு மணிக்கு. உணவு ஐந்தரை மணிக்கு. இரண்டிற்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இருத்தல் நலம். கீரையில் எலுமிச்சைச் சாறு பிழிகிறோம். மாத்திரையை நீருடன் கொள்கிறாள். மூன்று திங்களுக்குப் பின் பரிசோதித்தபோது 11.4 கிராம் இருந்தது. மாத்திரையை இன்னும் சில திங்கள் தொடருமாறு மருத்துவர் கூறியிருக்கிறார்.