மலை தரும் பாடம்: தெளிவு, குறி, தளராமை



ஜவ்வாது மலை நமக்குப் புதிய இடம் அல்ல. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் அந்த மலையூர்களிலிருந்து சாமையும் புளியும் தேனும் இறங்கி வந்து நம் கடைகளில் விற்பனையாகின்றன. சரக்கு வாங்கும் நாம் அங்கிருந்து ஒரு பாடத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

அதே ஜவ்வாது மலையில் புலியூர் என்று ஒரு சிற்றூர். அவ்வூர் ஸ்ரீபதி, மலையாளி என்னும் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர். ஏலகிரி மலையில் பள்ளியில் படித்தார். பிறகு சட்டம் படித்தார். இடையில் திருமணம் ஆயிற்று. ஆனாலும் படிப்பை விடவில்லை. உரிமையியல் நீதிபதிப் பணிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய தேர்வுக்கு விண்ணப்பித்தார். 2023 நவம்பரில் சென்னையில் முதன்மைத் தேர்வு. பிரசவத்துக்குக் குறித்த நாளும் தேர்வு நாளும் ஒன்றாக வந்து நின்றன!

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு குழந்தை பிறந்தது. மருத்துவரின் ஆலோசனையைக் கேட்டு, பச்சை உடம்புக்கு அலுங்காதபடி காரில் வசதி செய்துகொண்டு, குடும்பத்தார் துணையோடு 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் தேர்வான செய்தி வெளியாயிற்று. அப்போது வயது 23. தமிழகப் பழங்குடியினப் பெண்களில் முதல் உரிமையியல் நீதிபதி என்று பலரும் பாராட்டினர்.

இதில் நம் கடைக்கு என்ன பாடம்?

1. தெளிவு

"ஏதாவது ஓர் அரசு வேலை" என்று அவர் அலையவில்லை. இன்ன பதவி, இன்ன தேர்வு, இன்ன தேதி என்று இலக்கு தெளிவாக இருந்தது. நம்மில் பலரைக் கேட்டால், "வியாபாரம் பெருக வேண்டும்" என்போம். அது ஆசை, இலக்கு அல்ல. "வரும் பொங்கலுக்குள் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பழைய பாக்கியைத் தீர்ப்பேன்" என்பதே இலக்கு. தொகையும் தேதியும் இல்லாத எண்ணம் பேரேட்டில் ஏறாத கணக்கு போன்றது.

2. ஒரே குறி

பக்கத்துக் கடைக்காரர் செல்போன் உதிரிபாகம் விற்றால் நாமும் அதை வாங்கி அடுக்குகிறோம். மறுமாதம் பாத்திரம். முதல் முடங்குகிறது, அன்றாடம் போகிற பருப்பும் எண்ணெயும் கையிருப்பில் இல்லாமல் போகிறது. இரண்டு முறை "இல்லை" என்று கேட்ட வாடிக்கையாளர் மூன்றாம் முறை வருவதில்லை. பெரிய அங்காடிகளும் வீடு தேடி வரும் விற்பனையும் பெருகிவிட்ட இந்நாளில், நம்மிடம் உள்ள வலிமையை இப்படிச் சிதறடிக்கலாகாது.

3. தளராமை

இதைத்தான் நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். தளராமை என்பது பல்லைக் கடித்துக்கொண்டு முட்டி மோதுவது அல்ல. அந்தப் பெண்மணி வெறும் துணிச்சலை நம்பிப் புறப்படவில்லை. மருத்துவரைக் கேட்டார், வண்டியைச் சரிசெய்துகொண்டார், உறவினரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். தடை இன்னது என்று தெரிந்து அதற்கு ஏற்பாடு செய்வதே தளராமை.

நமக்கும் பல தடைகள் முன்கூட்டியே தெரிந்தவைதாமே? ஆடியில் விற்பனை மந்தம் என்பது ஆண்டுதோறும் தெரியும். மழைக்காலத்தில் சரக்கு நமுத்துப் பூசணம் பிடிக்கும் என்பதும் தெரியும். பள்ளி திறக்கும் மாதத்தில் கடன் வசூல் ஆகாது என்பதும் தெரியும். தெரிந்தும் ஏற்பாடு செய்யாமல் இருந்துவிட்டு, "காலம் சரியில்லை" என்கிறோம். வட்டிக்கு வாங்கி மூடப்பட்ட கடைகளில் எத்தனை இப்படி வீழ்ந்தவை என்று எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி

இன்றிரவு கடை அடைத்ததும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள்.

அ) அடுத்த ஆறு மாதத்தில் நான் முடிக்க வேண்டிய ஒரு காரியம், தொகை, தேதியுடன்.
ஆ) அதற்காக நான் கைவிட வேண்டிய ஒன்று.
இ) அதற்குக் குறுக்கே நிச்சயம் வரும் ஒரு தடையும் அதற்கு இன்றே செய்யும் ஏற்பாடும்.

வாரம் ஒருமுறை, வார விடுமுறை நாளில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். வீட்டாரிடமும் படித்துக் காட்டுங்கள். துணையில்லாமல் மலை இறங்குவது கடினம்.

குறித்த நாளில் தேர்வு எழுத அந்தத் தாயால் முடிந்ததென்றால், குறித்த நாளில் பாக்கி தீர்க்க நம்மாலும் முடியும். எழுதுவோம், செய்து முடிப்போம்!