சீமை அத்தி: வகையறிந்து வாங்குவோம், முறையறிந்து வளர்ப்போம்

அரிதாக நிகழ்வதை ‘அத்தி பூத்தாற்போல’ என்று கூறுவது நம் வழக்கு. ஆயினும் அத்தி பூவாத மரமன்று. அதன் பூக்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. காய் என்று நாம் காண்பதன் உட்புறத்தில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் சுவரை ஒட்டி அடங்கிக் கிடக்கின்றன. இந்த மறைவான பூவின் இயல்பை அறியாமல் சீமை அத்திக் கன்று வாங்குவோர், மூன்று ஆண்டுகள் நீரும் எருவும் இட்டுப் போற்றிய பின்னர், காயெல்லாம் பழுக்காமல் உதிர்ந்துபோவதைக் காண நேரலாம். கன்றின் விலை சிறிது. இழந்த ஆண்டுகளின் விலையோ பெரிது. ஆகவே, அதிகம் அறியப்படாத அத்தி வகைகளைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு, வளர்ப்பது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

நம் வட்டாரத்திற்கு ஏன்?

கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி வட்டத்தைச் சேர்ந்த நாகரசம்பட்டியும் அதன் சுற்றுப்புறங்களும் மாந்தோப்புகள் மிகுந்த பகுதி. இங்கே பெங்களூரா மாவே பலருடைய வாழ்வுக்கு ஆதாரம். ஒரே பயிரை நம்பியிருப்பதன் தொல்லையை 2025ஆம் ஆண்டு மாங்காய் விலை வீழ்ந்தபோது நம் விவசாயிகள் நன்கு உணர்ந்தனர். தோப்பை வெட்டிவிட்டு வேறு பயிருக்குத் தாவுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் கிணற்றடியிலும் வரப்போரத்திலும் மற்றொரு பழப்பயிரைச் சிறிய அளவில் சேர்த்துக்கொள்வது நன்று.

சீமை அத்திக்கு வேண்டியவை வறண்ட காற்று, நல்ல வெயில், நீர் தேங்காத மண் ஆகியவை. நம்மூர்ச் செம்மண் நிலத்தில் இவை பெரும்பாலும் அமைந்துள்ளன. ஓசூர் வழியே பெங்களூருச் சந்தையும் எட்டும் தொலைவில் இருக்கிறது. முறைப்படி கவாத்துச் செய்தால் அத்திப் பழம் மாங்காய்க்கு முன்னரே வந்துவிடும். இரண்டு பயிருக்கும் ஒரே சமயத்தில் ஆள் தேட வேண்டியதில்லை.

அத்தி வேறு, சீமை அத்தி வேறு

ஆற்றோரங்களிலும் கோயில்களிலும் ஓங்கி வளர்ந்து, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது நாட்டு அத்தி. பிட்டுப் பார்த்தால் உள்ளே சிறு பூச்சிகள் இருக்கும். பழக்கடைகளில் விற்பதும், உலர்த்தி மாலையாகக் கோத்து வருவதும் சீமை அத்தி. இதன் இலை அகன்று, விரல் விரித்த கைபோல் பிளவுபட்டிருக்கும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். காய் இலைக் கணுக்களில் தோன்றும்.

எல்லைப்புறத்து மக்களாகிய நாம் கர்நாடகத்து நாற்றுப் பண்ணைகளுக்கும் செல்வதுண்டு. கன்னடத்தில் ‘அத்தி’ என்றாலும் நாட்டு அத்தியே ஆகும். சீமை அத்திக்கு ‘அஞ்சூர’ என்பது பெயர். ஆகவே கேட்கும்போதே சொல்லைத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

நான்கு பிரிவுகள்

சீமை அத்தியில் எத்தனையோ வகைகள் இருப்பினும், காய்க்கும் இயல்பைக் கொண்டு அவற்றை நான்கு பிரிவுகளாகப் பிரிப்பர்.

1. பொது அத்தி: மகரந்தச் சேர்க்கை நிகழாமலே காய் நின்று பழுக்கும்.

2. ஸ்மிர்னா அத்தி: ஆண் அத்தியின் மகரந்தத்தை மிகச் சிறிய குளவி ஒன்று காய்க்குள் கொண்டுசென்று சேர்த்தாலன்றிப் பழுக்காது. சேர்க்கை இல்லையேல் பிஞ்சிலேயே உதிரும்.

3. சான் பெத்ரோ அத்தி: பழைய கிளையில் வரும் முதற்காய் தானே பழுக்கும், புதுக்கிளையில் வரும் பின்காய்க்குக் குளவி வேண்டும்.

4. ஆண் அத்தி: மகரந்தத்தையும் குளவியையும் தாங்குவது. இதன் காய் பொதுவாக உண்ணத் தகாதது.

ஸ்மிர்னா அத்தியால் ஒரு நாடே ஏமாந்த வரலாறு உண்டு. அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில் 1880களின் தொடக்கத்தில், துருக்கியிலிருந்து ஸ்மிர்னா அத்திப் போத்துகளை வரவழைத்து நட்டனர். மரங்கள் செழித்தன, காய்கள் உதிர்ந்தன. ஆண் அத்தியும் அதில் வாழும் குளவியும் தேவை என்பது உறுதிப்பட்டு, 1899இல் பிரெஸ்னோ நகர்ப்புறத்தில் குளவி நிலைபெற்ற பின்னரே அங்கே ஸ்மிர்னா அத்திப் பயிர் கைகூடிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மரம் இருந்தும் பலனில்லை.

‘நம் நாட்டு அத்திக்குள்ளும் பூச்சி இருக்கிறதே, அது போதாதா?’ என்று சிலர் வினவலாம். போதாது. ஒவ்வோர் அத்தி இனத்திற்கும் தனித்தனிக் குளவி உண்டு. நாட்டு அத்தியின் குளவி சீமை அத்திக்கு உதவாது. சீமை அத்தியின் குளவியும் ஆண் மரமும் நம் தோட்டங்களில் இல்லை. ஆகவே நமக்கு உரியது முதற்பிரிவாகிய பொது அத்தி ஒன்றே.

கடையில் வாங்கும் உலர் அத்திப் பழத்தின் விதையை முளைக்க வைப்பதும் வீண் முயற்சி. துருக்கி முதலிய நாடுகளின் உலர் அத்தி பெரும்பாலும் குளவி சேர்த்த பழமாதலின் விதை முளைக்கும். ஆனால் நாற்றுகளில் பாதியளவு ஆண் மரமாகிவிடும். எஞ்சியவற்றிலும் பெரும்பாலானவை காயை உதிர்த்துவிடும்.

எந்த வகையை நாடலாம்?

இந்தியாவில் புகழ்பெற்றது பூனா அத்தி. மகாராஷ்டிரத்தில் புனே நகருக்கு அருகிலுள்ள புரந்தர் வட்டாரத்து அத்தி, 2016இல் புவிசார் குறியீடு பெற்றது. பூனா அத்தியின் காய் நடுத்தர அளவினது, தோல் இளஞ்சிவப்புக் கலந்த பழுப்பு, சதை சிவப்பு. மகாராஷ்டிரத்தில் தேர்ந்தெடுத்த ‘தினகர்’ என்னும் வகையும் உண்டு.

கர்நாடகத்தில் பெல்லாரி வட்டாரத்து அத்தி வணிக முறையில் பயிராகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத் தீவிலுள்ள கஞ்சாம் என்னும் ஊரும் அத்திக்குப் பெயர்போனது.

நம் பக்கத்தில் அதிகம் அறியப்படாத வகை ‘டியன்னா’. நாற்றுப் பண்ணைகளில் ‘டயானா’ என்றும் இதனைக் கூறுவர். கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்டது. பெருங்காய், பொன்மஞ்சள் தோல், இனிய சதை ஆகியவை இதன் அடையாளங்கள். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் டியன்னா, கோனாட்ரியா, எக்செல் முதலிய வகைகளை வளர்த்து ஆராய்ந்துள்ளனர். இவை பொது அத்திப் பிரிவைச் சேர்ந்தவை. ‘பிரவுன் டர்க்கி’ என்னும் கருஞ்சிவப்பு வகையும் அவ்வாறே. ‘கலிமிர்னா’, ‘சாரிலோப்’ என்னும் பெயருள்ள கன்றுகள் ஸ்மிர்னா பிரிவினவாதலின், எவ்வளவு புகழ்ந்துரைத்தாலும் அவற்றை நாம் விலக்க வேண்டும்.

பெயரட்டை மாறலாம்; தாய்மரம் பொய் சொல்லாது. ஆகையால் கன்று விற்பவரிடம், ‘இதன் தாய்மரம் எங்கே? அது இப்பக்கத்தில் காய்த்துப் பழுத்திருக்கிறதா?’ என்று கேட்பதே முதற்கடமை. குளவியே இல்லாத நம் பகுதியில் ஒரு மரம் பழம் தருகிறதென்றால், அது குளவி வேண்டாத வகை என்பதற்கு வேறு சான்று வேண்டா. பருவத்தில் நேரிற்சென்று, பழத்தை உண்டு பார்த்து, அம்மரத்தின் போத்தில் வந்த கன்றையே வாங்குதல் நலம்.

நாற்றுப் பண்ணையில் பார்க்க வேண்டியவை

வகையின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குக. விதைக் கன்றை ஏற்க வேண்டா. போத்து, பதியன், ஒட்டு, திசு வளர்ப்பு ஆகியவற்றால் வந்த கன்றே தாயை ஒத்திருக்கும். உயரத்தைக் கண்டு மயங்காமல், பென்சில் பருமனுக்குக் குறையாத தண்டும், குறுகிய கணுக்களும், துருப்புள்ளி அற்ற இலைகளும் உள்ள கன்றைத் தேர்ந்தெடுக்கவும்.

எல்லாவற்றிலும் முக்கியம் வேர். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத இப்புழு, பையின் மண்ணோடு நம் நிலத்திற்குள் வந்துவிட்டால் பின்னர் அகற்றுவது அரிது. கத்தரியையும் தக்காளியையும்கூடத் தாக்கும். பல கன்றுகள் வாங்குவோர் ஒரு கன்றின் பையைக் கிழித்து வேரைப் பார்த்த பின்னரே மற்றவற்றை வாங்கலாம். ஒரு கன்றின் விலை போனாலும் தோட்டம் தப்பும்.

நல்ல மரம் அருகில் இருந்தால் போத்துகளை நாமே வேரூன்றச் செய்யலாம். ஓராண்டு முதிர்ந்த கிளையை 10 முதல் 12 அங்குல நீளத்தில், ஐந்தாறு கணுக்களுடன் நறுக்கி, பால் வடிந்து உலர்ந்தபின், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுள் மறையுமாறு நிழலில் ஊன்றுக. ஈரம் வேண்டும், நீர் தேங்கலாகாது.

நடவு

முழு வெயில் படும் மேட்டுப்பாங்கான இடமே ஏற்றது. 2 அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகளை முன்னரே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணுடன் மட்கிய தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். செடிக்குச் செடி 5 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 160 கன்றுகள் பிடிக்கும். ஆனால் புதிதாகத் தொடங்குவோர் பத்து அல்லது இருபது கன்றுகளோடு நிற்பதே விவேகம். இரண்டாம் ஆண்டில் சில காய்கள் தோன்றும். அவை நின்று பழுப்பதைக் கண்டபின் தோட்டத்தை விரிக்கலாம்.

சொட்டு நீர்ப் பாசனம் மிகப் பொருத்தமானது. தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் இலை மிகுந்து காய் குறையும். வேரடியில் மூடாக்கு இட்டு ஈரத்தைக் காக்க வேண்டும். காய் பருக்கும் காலத்தில் சில நாள் வாடவிட்டுப் பின்னர் திடீரென மிகுந்த நீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கும்.

கவாத்தும் பருவமும்

சீமை அத்தி பெரும்பாலும் புதுக்கிளையில் காய்ப்பது. ஆகவே கவாத்தே பயிரின் உயிர். முதலாண்டில் தண்டை இடுப்பளவில் நுனி கிள்ளி, நாற்புறமும் பரந்த நான்கைந்து கிளைகளை நிறுத்துக. பின்னர் ஆண்டுதோறும் கிளைகளைக் குறைத்து வெட்டி, உலர்ந்தவற்றையும் குறுக்கே போவனவற்றையும் நீக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் மழைக்காலப் பழத்தைப் ‘புளிப்புப் பருவம்’ என்றும், கோடைப் பழத்தை ‘இனிப்புப் பருவம்’ என்றும் அழைக்கின்றனர். மழையில் பழம் நீர்த்து, வெடித்து, புளித்துவிடும். நம் மாவட்டத்தில் மழை மிகுவது புரட்டாசி, ஐப்பசி மாதங்களில். ஆகவே ஐப்பசி இறுதியை ஒட்டிக் கவாத்துச் செய்தால், புதுத்தளிரில் தோன்றும் காய்கள் மாசி முதல் சித்திரை வரையிலான வறண்ட நாட்களில் பழுக்கும்.

பகைகள்

இலையின் அடியில் செம்பழுப்புப் பொடியாகத் தோன்றும் துருநோய் ஈரக்காற்றில் பரவி, இலைகளை உதிர்த்துவிடும். உதிர்ந்த இலைகளைத் திரட்டி எரிக்க வேண்டும். நோய் தலைகாட்டும்போதே 1 சதவீதப் போர்டோக் கலவை தெளிக்கலாம். மயில்துத்தம் 1 கிலோ, நீற்றுச் சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர் என்பது அதன் அளவு.

மாந்தோப்பு உடையோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. மாமரத்தைக் குடையும் தண்டுத் துளைப்பான் அத்தியையும் விரும்பும். பட்டுப்போன பழைய மாமரத்தை அப்படியே விட்டுவைத்து, அதன் அருகில் அத்தியை நடுவது பகைவனுக்கு விருந்து வைப்பது போலாகும். அடிமரத்தில் துளையும் மரத்தூளும் கண்டால், வளைந்த கம்பியை உட்செலுத்திப் புழுவைக் கொன்று, துளையைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். பழம் பழுக்கும்போது பறவைகளும் அணிலும் வௌவாலும் வரும். வலை போடுதல் வேண்டும்.

பறிப்பும் விற்பனையும்

அத்தியைக் காயாகப் பறித்துப் பழுக்க வைக்க இயலாது. காம்பு தளர்ந்து, பழம் தலைசாய்ந்து, தொட்டால் மென்மையாக இருக்கும்போது, அதிகாலையில் காம்போடு பறிக்க வேண்டும். வெட்டுவாயிலிருந்து வரும் பால் தோலை அரிக்குமாதலின் கையுறை அணிக. சாதாரண வெப்பத்தில் பழம் இரண்டு மூன்று நாட்களே தாங்கும்.

இங்கேதான் ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்க வேண்டியது உள்ளது. பருவத்தில் நாள்தோறும் பறித்தாக வேண்டும். வீட்டு இளைஞர்கள் ஓசூர், போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இந்நாளில், விடியற்காலையில் பறிக்க யார் இருப்பர் என்பதைக் கன்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இரு கைகளால் ஆகும் அளவுக்கே மரங்களை வையுங்கள். அண்டை வீட்டார் நால்வர் ஒரே வகையை நட்டு, பழத்தை ஒன்றாகச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்பினால் செலவு குறையும், வியாபாரியும் மதிப்பார். எஞ்சிய பழத்தைத் தூய்மையாக உலர்த்தியோ, பாகாக்கியோ வைக்கலாம். புரந்தர் அத்தியின் பழச்சாறு 2024இல் போலந்து நாட்டிற்கு ஏற்றுமதியானது. மிகுந்த பழமும் வீணாக வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மண் பரிசோதனை, நோய் பற்றிய ஐயம் முதலியவற்றிற்குக் காவேரிப்பட்டினத்தை அடுத்த பையூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையும் அணுகலாம்.

புதுப் பயிரை வரவேற்பதும் வேண்டும். புதுப் பெயருக்கு மயங்காமையும் வேண்டும். தாய்மரத்தைக் கண்டு, வேரைப் பார்த்து, பத்துக் கன்றில் தொடங்கி, பலனைக் கண்டு பெருக்குவோமாக. அப்போது அத்தியின் மறைந்த பூ நம் குடும்பத்திற்குக் கண்கண்ட கனியாகும்.