சட்டத்தின் வழியே வந்த சர்வாதிகாரம்

மக்களாட்சி தந்த வாக்குகளைக் கொண்டே சர்வாதிகாரம் எழுந்த வரலாறு ஜெர்மனியினுடையது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் தலைமை அமைச்சரானார். பிப்ரவரி 27 இரவில் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது. மறுநாளே பேச்சுரிமையும் எழுத்துரிமையும் அவசர ஆணையால் பறிக்கப்பட்டன. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அரசே சட்டம் இயற்ற வழிசெய்யும் சட்டம், மார்ச் 23இல் அவைக்கு வந்தது. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் சிறைப்பட்டோ தலைமறைவாகவோ இருந்தனர். ஆதரவு வாக்குகள் 444, எதிர்ப்பு 94. எதிர்த்தோர் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. அவர்கள் சார்பில் ஓட்டோ வெல்ஸ் துணிந்து உரையாற்றினார்.

ஜூலைக்குள் நாஜிக் கட்சி ஒன்றே எஞ்சியது. தட்டிக்கேட்க எதிர்க்கட்சியும் இதழும் இல்லாத நாட்டில் போருக்கான ஆயத்தம் தடையின்றி வளர்ந்தது. 1938இல் ஆஸ்திரியா பறிபோனது. 1939 செப்டம்பர் 1 அன்று போலந்து தாக்கப்பட, இரண்டாம் உலகப்போர் மூண்டது. உரிமையை இழந்த நாடு அமைதியையும் இழந்தது.