எழுதியது நிலைபெற வேண்டும்

சென்னை மாநகரின் மேற்குப் பகுதியில் அம்பத்தூர் என்னும் ஊர் உள்ளது. 1960-களில் அங்கே பெரியதொரு தொழிற்பேட்டை அமைந்தது. கடைசல் பொறிகளின் ஓசையால் பெயர் பெற்ற அவ்வூரில் இன்று தரவு மையங்களும் எழுந்துள்ளன. வாணிகக் கணக்குகள் போன்ற எண்ணற்ற செய்திகளைக் கணிப்பொறிகளில் சேமித்துக் காக்கும் கட்டடங்களே தரவு மையங்கள் ஆகும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல் பெருமழையைக் கொணர்ந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல இடங்களில் மின்சாரம் நின்றது. அத்தகையதொரு வேளையில், பட்டறைக் கணக்கர் ஒருவர் அன்றைய வரவு செலவைக் கணிப்பொறியில் பதிகின்றார் என வைத்துக்கொள்வோம். ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் தோன்றுகின்றது. மறுநொடியே மின்சாரம் அற்றுப்போகின்றது. அவர் பதிந்த கணக்கு எஞ்சுமா? எஞ்சலாம், எஞ்சாமலும் போகலாம். இதன் காரணம் யாது?

கணிப்பொறியில் செய்தி தங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று நினைவகம், மற்றொன்று வட்டு. நினைவகம் மிக விரைவானது. ஆயினும் மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை யாவும் அழிந்துவிடும். வட்டு மெதுவானது, ஆனால் மின்சாரம் இல்லாதபோதும் செய்தியைக் காக்க வல்லது. நினைவகத்தில் ஒன்றைப் பதிய ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கே ஏறத்தாழப் போதும். சுழலும் வட்டிலோ, ஆயிரத்தில் சில பங்கு நேரம் ஆகும். இவ்விரண்டிற்கும் இடையே பல்லாயிரம் மடங்கு வேறுபாடு உண்டு.

ஆதலின், கணிப்பொறியை ஆளும் இயக்க முறைமை ஓர் உபாயத்தைக் கையாளுகின்றது. நாம் எழுதச் சொன்னதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ‘எழுதியாயிற்று’ என்று விடை கூறிவிடுகின்றது. பின்னர், பலவற்றை ஒன்றாகத் திரட்டி வட்டில் சேர்க்கின்றது. லினக்ஸ் என்னும் இயக்க முறைமையில், இயல்பான அமைப்பின்படி, ஒரு செய்தி ஏறத்தாழ 30 நொடி வரை இவ்வாறு காத்திருத்தல் கூடும். இதனால் வேலை விரைவாக நடைபெறுகின்றது. இடர் நேருங்கால் இழப்பும் உண்டாகின்றது.

இவ்விழப்பைத் தவிர்க்க வழி உண்டு. ‘இக்கோப்பை இப்பொழுதே வட்டில் சேர், சேர்த்த பின்னரே விடை கூறு’ என்று நிரல் ஆணையிடலாம். இவ்வாணைக்கு ‘எஃப்சிங்க்’ என்பது பெயர். வட்டினுள்ளும் சிறிய நினைவகம் ஒன்று இருப்பதுண்டு. அதில் தங்கியதையும் நிலையான இடத்தில் பதியுமாறு இயக்க முறைமை வட்டிற்குக் கட்டளையிடுதல் வேண்டும். பழைய கோப்பை மாற்றுங்கால் அதன்மேலேயே எழுதுதல் தகாது. புதிய கோப்பை எழுதி, அதனை வட்டில் நிலைபெறச் செய்து, அதன்பின் பழைய பெயரை அதற்குச் சூட்டுதல் வேண்டும். கோப்புறையையும் அவ்வாறே நிலைபெறச் செய்தல் வேண்டும். இடையில் மின்சாரம் நின்றாலும் பழையது அல்லது புதியது, இரண்டிலொன்று முழுமையாக எஞ்சும்.

நம் நாட்டு வணிகர் அன்றன்றைய கொடுக்கல் வாங்கலை முதலில் சிட்டையில் குறிப்பர். பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவர். பேரேட்டில் ஏற்றும்போது தடை நேர்ந்தாலும் சிட்டையைக் கொண்டு கணக்கை நேர்செய்யலாம். தரவுத்தளங்களும் இம்முறையையே பின்பற்றுகின்றன. செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதனை வட்டில் உறுதிப்படுத்திய பின்னரே முதன்மைப் பதிவை மாற்றுகின்றன.

ஆணையிட்டால் மட்டும் போதுமா? போதாது, விடையையும் செவிமடுத்தல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்பது உலகெங்கும் வழங்கும் தரவுத்தளம். வட்டில் எழுத இயலாதபோது லினக்ஸ் ஒருமுறை பிழை என்று அறிவிக்கும். தரவுத்தளம் மறுமுறை முயன்றால், செய்தி வட்டில் சேராதிருந்தும், வெற்றி என்றே விடை வரக்கூடும். இக்குறையை அதனை உருவாக்குவோர் 2018-ஆம் ஆண்டில் உணர்ந்தனர். 2019-ஆம் ஆண்டில் அவர்கள் முறையை மாற்றினர். அதன்படி, பிழை நேர்ந்தால் தரவுத்தளம் மேலே செல்லாமல் நின்றுவிடும். தன் குறிப்பேட்டைக் கொண்டு கணக்கைச் சீர்செய்த பின்னரே மீண்டும் தொடங்கும்.

தரவு மையங்களில் மின்கலங்களும் மின்னாக்கிகளும் காவல் நிற்கின்றன. ஆயினும், மின்சாரம் இருக்கும்போதே இயக்க முறைமை செயலிழப்பதும் உண்டு. ஆகவே, பாதுகாப்பு நிரலை எழுதுவோர் கையிலும் இருக்கின்றது. கணக்கர் தம் திரையில் கண்ட ‘சேமிக்கப்பட்டது’ என்னும் சொல், வட்டில் செய்தி நிலைபெற்ற பின்னரே தோன்றியிருத்தல் வேண்டும். செய்து முடிக்கும் முன்னரே ‘முடித்தேன்’ என்று கூறாமை மனிதர்க்கு மட்டுமன்று, பொறிக்கும் அறமாகும்.