குளத்தங்கரையில் தொடங்குங்கள்

கேள்வி: பல்கலைக்கழகத்தையும் ஊர் மக்களையும் இணைக்கும் தன்னார்வப் பணியில் சேர ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: குளத்தங்கரையில் தொடங்குங்கள், மகளே. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் உள்ளூர் இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து இதை நடத்துகிறது. மாணவர்களும் தன்னார்வலர்களாகச் சேரலாம்.

விடிகாலையில் பைனாகுலரோடு கரையில் நின்று, நாமக்கோழிக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணுவீர்கள். அந்த எண்ணிக்கை உங்களிடம் இருக்கும். எந்த மடை அடைத்துக்கிடக்கிறது, எந்தக் கருவேலத்தில் நாரை கூடு கட்டும் என்பதெல்லாம் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவருக்குத் தெரியும். இரண்டும் ஒரே நோட்டில் ஏறினால்தான் அது கூட்டு முயற்சி.

இதற்குக் கூந்தன்குளம் என்ற ஊரைப் பாருங்கள். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படும் முன்பே பறவைகளைக் காத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது. அங்கே நாம் கற்றுக்கொள்ளத்தான் போக வேண்டும்.

இப்படி ஊரோடு சேர்ந்து பணியாற்ற, உங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் சேருங்கள். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. முகாம் முடிந்ததும் ஊரை மறந்துவிடாதீர்கள். குளத்தில் எடுத்த பறவைக் கணக்கைத் தமிழில் எழுதி, கிராம சபையில் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த ஆண்டும் அதே கரைக்குப் போங்கள். உறவு அப்படித்தான் வளரும்.